கட்டைவிரல் செய்த காரியம்

அத்தியாயம் 17

பத்து நாளாக அந்தத் தூக்குச்சட்டி ரகுபதி வீட்டு ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீல மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. பக்கத்து வீட்டுச் சம்சுன்னிசா டீச்சருடையது. நோன்பு மாதம் பிறந்துவிட்டால் மாலை ஆறரைக்கு அது கஞ்சியோடு வரும். மறுநாள் காலை கேசரியோ சுண்டலோ சுமந்துகொண்டு திரும்பிப் போகும். புக்கிட் மேரா அடுக்குமாடிக் குடியிருப்பின் அந்த ஒன்பதாவது மாடியில் இருபத்திரண்டு வருடமாக அது வெறும் வயிற்றோடு எந்தப் பக்கமும் நடந்ததில்லை.

இந்த வருடம் முதல் வெள்ளிக்கிழமை வந்ததோடு சரி. போகவும் இல்லை, வரவும் இல்லை.

காரணம் ரகுபதியின் வலது கட்டைவிரல்.

அவர் மகள் சிவானிக்கும் பொங்கோல் வட்டாரத்தைச் சேர்ந்த அகிலனுக்கும் அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அகிலனின் அப்பா தங்கராஜு மிகவும் சுறுசுறுப்பானவர். இரு வீட்டு விருந்தினர்களின் ஃபோன் எண்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு ரோஜாப்பூ, ஆறு மணிக்கு ஒரு பொன்மொழி, மாலையில் ஓர் எச்சரிக்கை என்று மூன்று வேளையும் எல்லோருக்கும் அனுப்புவார். சம்பந்தி அனுப்புவதைப் பார்க்காமல் விடுவது மரியாதை இல்லை. நாலு பேருக்கு ஃபார்வர்ட் செய்வது கூடுதல் மரியாதை. ரகுபதி அப்படித்தான் நினைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த எச்சரிக்கை முஸ்லிம்களைப் பற்றியது. நீளமானது. முதல் இரண்டு வரியைப் படித்தார். பிறகு, லிஃப்ட் கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் ‘லிஃப்ட் நண்பர்கள்’ க்ரூப்புக்கு அனுப்புவதாக நினைத்து, ‘லிஃப்ட் புகார் - 9ஆம் மாடி’ க்ரூப்புக்கு அனுப்பிவிட்டார்.

பதினோரு நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. உடனே நீக்கினார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் அங்கே கல்லறை மாதிரி நின்றது. அதற்குள் கடைசி வீட்டு மிஸ்டர் டான், ஒரு எழுத்தும் புரியாமலேயே, பாராட்டி ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

அந்த மாடியில் தமிழ் படிக்கத் தெரிந்தது இரண்டே வீடு. ஒன்று இது. இன்னொன்று தூக்குச்சட்டிக்காரருடையது.

மறுநாள் கஞ்சி வரவில்லை.

“ஒரு கையில அவங்க வீட்டுக் கஞ்சி, இன்னொரு கையில இந்த வேலை!” என்றாள் மனைவி சாமுண்டீஸ்வரி, பதினோராவது முறையாக. பத்து நாளில் பதினோரு முறை என்பது அவளுக்குக் குறைச்சல்தான். “டம்ளரையாவது கீழே வச்சிட்டு அனுப்பியிருக்கக் கூடாதா?”

“டம்ளரைக் கீழே வச்சிருந்தா சரியா அனுப்பியிருப்பேன். ஒரு கையால அமுக்கினதாலதான் தப்பான க்ரூப்புக்குப் போச்சு.”

“சரியான க்ரூப்புன்னா அனுப்பலாமா?”

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ரகுபதி பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். இப்போதும் பிடித்தார்.

சிவானி தன் அறையிலிருந்து தலையைச் சீவிக்கொண்டே வந்தாள். மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களை நடக்க வைப்பவள். வீட்டிலும் அதே குரல்தான்.

“அப்பா, ஜஸ்ட் போய் சாரி சொல்லுங்க லா. எட்டு ஸ்டெப்தான்.”

“என்னன்னு சொல்ல? ‘டீச்சர், உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணு அனுப்பினேன், ஆனா உங்களுக்கு அனுப்பலை’ன்னா?”

“எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது அவங்க. நிச்சயதார்த்தத்துல முதல் தட்டு டீச்சர்தான் எடுத்துட்டு வரணும். அவங்க வரலைன்னா அந்தத் தட்டு அப்படியே தரையில இருக்கட்டும். நானும் வரமாட்டேன்.”

“சம்பந்தி என்ன நினைப்பாரு?”

“அனுப்பினதே அவர்தானே?”

ரகுபதி பேப்பரை இன்னும் உயர்த்தினார்.

இதெல்லாம் போதாது என்று இன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டிமன்ற நாள்.

ஒரு மாதத்துக்கு முன், நோன்பும் வரவில்லை, கட்டைவிரலும் வழுக்கவில்லை என்ற நல்ல காலத்தில், ரகுபதியும் டீச்சரும் பேசும் தமிழ் மன்றத்தின் செயலாளர் சுப்பிரமணியம் ஒரு மைலோ டின்னுக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். யார் எந்த அணி என்பதை அந்த மன்றத்தில் எப்போதும் டின்தான் முடிவு செய்யும். முதலில் வைத்த தலைப்பு ‘தீவிரவாதத்துக்கு மதம் காரணமா?’ அன்றிரவு சுப்பிரமணியத்துக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ‘வன்முறைக்கு வேர் மதமா, மனிதனா?’ என்று மாற்றினார். அடுத்த நாளும் தூக்கம் வரவில்லை. கடைசியில் ‘அமைதி குலைவது மதத்தாலா, மனிதனாலா?’ என்று பேனர் அடித்த பிறகுதான் கண்ணயர்ந்தார்.

சீட்டைப் பிரித்தால், ரகுபதிக்கு ‘மனிதனால்’ என்று வந்தது. சம்சுன்னிசா டீச்சருக்கு ‘மதத்தால்’.

அதாவது, மதத்தின் மேல் பழி போடக் கூடாது என்று ரகுபதி வாதாட வேண்டும். மதம்தான் குற்றவாளி என்று, ஐந்து வேளை தொழுகிற டீச்சர் வாதாட வேண்டும்.

“மாத்திக்கலாமா செயலாளரே?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“சீட்டு சீட்டுதான். மாத்தினா ஃபார்மை முதல்லேருந்து நிரப்பணும் லா,” என்றார் சுப்பிரமணியம். அவர் ஃபார்ம் என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

இரண்டரை மணிக்குக் கிளம்பும்போது ரகுபதி ஃபிரிட்ஜின் மேல் பார்த்தார். தூக்குச்சட்டியைக் காணோம். கேட்கலாம் என்று திரும்பினார். சாமுண்டீஸ்வரி ஒரு பெரிய துணிப்பையை மார்போடு அணைத்தபடி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்காமலிருப்பதே நல்லது என்று பட்டது.

லிஃப்ட் வந்தது. சிவானியோடு மூவரும் உள்ளே ஏறினார்கள். கதவு மூடப் போகும் நேரத்தில், “இருங்க, இருங்க,” என்ற குரல்.

சம்சுன்னிசா டீச்சர்.

சாம்பல் நிறப் புடவை, அதே நிறத்தில் தலையில் முக்காடு, கையில் குறிப்பு அட்டை. உள்ளே வந்தார். மூவரையும் பார்த்து மெல்லத் தலையசைத்தார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பத்தொரு வருடம் லிஃப்டுகளுக்குள் வாழ்ந்தவர் ரகுபதி. பழுதாகி இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிய லிஃப்டில்கூட அவருக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை.

எட்டு. ஏழு.

சிவானி முழங்கையால் இடித்தாள். சொல்லுங்க.

“டீச்சர்,” என்றார் ரகுபதி.

டீச்சர் திரும்பினார்.

ஆறு. ஐந்து.

“இந்த லிஃப்ட் சத்தம் கொஞ்சம் மாறியிருக்கு, இல்ல?”

டீச்சர் ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டார். “ம்,” என்றார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒற்றை எழுத்தில் பதில் சொன்னதே இல்லை. ரகுபதி லிஃப்டின் பொத்தான் பலகையை ஒரு நிபுணரைப் போல உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

ரயிலிலும் அப்படித்தான். டீச்சர் எதிர் இருக்கையில் கண்ணை மூடி உதடு மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார். பேச்சை ஒத்திகை பார்க்கிறாரா, தனக்காக ஏதாவது வேண்டிக்கொள்கிறாரா என்று ரகுபதிக்குத் தெரியவில்லை. லிட்டில் இந்தியா வரும்வரை அவர் அந்த உதடுகளையே படிக்க முயன்றுகொண்டிருந்தார்.

சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வார விடுப்பில் வந்த ஊழியர்கள், நகைக்கடை வாசலில் குடும்பங்கள், மல்லிகைப்பூ வாசனைக்குள் புகுந்து வந்த பரோட்டாக் கல்லின் சத்தம். மண்டபம் ஒரு கிளைச் சாலையில் இருந்தது. நூற்றிருபது நாற்காலியும் நிரம்பிவிட்டது.

முன் வரிசையில், இளஞ்சிவப்புச் சட்டை பளபளக்க, சம்பந்தி தங்கராஜு உட்கார்ந்திருந்தார்.

“சம்பந்தி! பொங்கோல்லேருந்து நேரா வரேன். உங்க பேச்சைக் கேக்காம இருக்க முடியுமா? வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பறேன்!”

ரகுபதிக்கு ‘அனுப்பறேன்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் முழங்கால் வலித்தது.

நடுவராக வர வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் சுப்பிரமணியமே நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எந்த மதத்தையும் பெயர் சொல்லக் கூடாது, எந்த நாட்டையும் பெயர் சொல்லக் கூடாது, முடிந்தால் எந்த மனிதரையும் பெயர் சொல்லக் கூடாது என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டார். முதலில் பேசிய இரண்டு இளைஞர்களும் இதனால் மிகவும் சிரமப்பட்டார்கள். ஒருவர் “குறிப்பிட்ட ஒரு கண்டத்தில், குறிப்பிட்ட ஒரு நூற்றாண்டில்” என்று ஆரம்பித்து, தான் எதைச் சொல்ல வந்தோம் என்பதையே மறந்துபோய் உட்கார்ந்தார்.

மேடை மேசையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எதிரே நோன்போடு டீச்சர். உதடு காய்ந்திருந்தது. ரகுபதி தன் பாட்டிலை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்; கை தானாகச் செய்தது. டீச்சர் அதைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

பிறகு டீச்சர் எழுந்தார்.

“தலைப்பில் ‘மதம்’ என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்கள்,” என்றார். வகுப்பறைக் குரல், கடைசி வரிசைவரை தானே நடந்து போய்ச் சேர்ந்தது. “எந்த மதம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் எழுந்து நின்றதிலிருந்து நூற்றிருபது பேரும் என் முக்காட்டையே பார்க்கிறீர்கள்.”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. சுப்பிரமணியம் மட்டும் சிரிக்கவில்லை. மணியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“குண்டு வைக்கிறவன் வசனம் சொல்லித்தான் வைக்கிறான். ‘அவனுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று சொல்வது எனக்குச் சுலபம். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் ஓதுகிற அதே வேதத்திலிருந்துதான் அவன் ஒரு வரியைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறான். திருடனை எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். திருட்டுப் போனது என் வீட்டில்தான். நான் போய்ப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?”

கைதட்டல். ரகுபதியும் தன்னை மறந்து தட்டினார். பக்கத்தில் இருந்த அணித் தோழர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இது எங்கே தொடங்குகிறது? ஒரு பையன். அறையில் தனியாக இருக்கிறான். ஃபோனில் ஒரு மெசேஜ் வருகிறது. ‘கத்தியை எடு’ என்று எந்த மெசேஜும் ஆரம்பிக்காது. அது எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? இதோ, அண்மையில் எனக்குக் கிடைத்த ஒன்றைப் படிக்கிறேன். சமூகத்தின் பெயர் வரும் இடத்தில் ‘அவர்கள்’ என்று படித்துக்கொள்கிறேன். நடுவருக்காக.”

டீச்சர் குறிப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

“‘அவர்கள் உலகம் முழுக்க ஒரே திட்டத்தோடு இருக்கிறார்கள். அவர்களுடைய புத்தகமே அதைத்தான் சொல்கிறது...’”

ரகுபதியின் காதுக்குள் விர்ரென்று ஒரு சத்தம். அந்த இரண்டு வரி. அவர் படித்த இரண்டு வரி.

“‘சிரித்துப் பழகும் அண்டை வீட்டாரைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். அவர்கள் வீட்டிலிருந்து வரும் உணவைத் தொடாதீர்கள். பிள்ளைகளை அவர்களிடம் படிக்க விடாதீர்கள். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவர் உறங்கிக்கொண்டிருப்பவர்.’”

அவர் படிக்காத வரிகள் ஒவ்வொன்றாக வந்து மேடையில் அவர் எதிரே உட்கார்ந்தன. அண்டை வீடு. உணவு. பிள்ளை. இதையா அனுப்பினோம்? கஞ்சியைக் குடித்துக்கொண்டா?

“இதை எழுதியது யாராக இருக்கும்?” என்று டீச்சர் அரங்கத்தைக் கேட்டார்.

முன் வரிசையில் இளஞ்சிவப்புச் சட்டை துள்ளி எழுந்தது.

“அந்தத் தீவிரவாதிங்கதான்! இப்படித்தான் நம்மளைப் பத்தி அவங்க ஆளுங்களுக்கு அனுப்புவாங்க! வேற யாரு இப்படி விஷத்தைக் கக்குவான்?”

தான் கக்கியதையே தங்கராஜுவுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு வரிகூட. சம்பந்தி தன்னைவிட இரண்டு வரி குறைவாகப் படிக்கிறவர் என்பது ரகுபதிக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

“அப்படித்தான் எல்லாருக்கும் தோன்றும்,” என்றார் டீச்சர் அமைதியாக. “எனக்கு வந்தபோது அந்த இடத்தில் இருந்தது என் சமூகத்தின் பெயர். பெயரை மாற்றிப் போட்டால் இதே மெசேஜ் எந்தப் பையனின் அறைக்குள்ளும் போகும். ஆனால் மதத்தின் பெயர் இருந்தால்தான் போகும். ‘கத்தரிக்காய் சாப்பிடுகிறவனை நம்பாதே’ என்று அனுப்பினால் யாராவது ஃபார்வர்ட் செய்வார்களா? ஆகவே, என் அணிதான் சரி. வணக்கம்.”

கூரை அதிர்ந்தது. தங்கராஜு எழுந்து நின்று தட்டினார்.

இனி ரகுபதி. கடைசிப் பேச்சாளர், எதிரணியின் கடைசிப் பேச்சாளருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது மன்றத்தின் விதி. அவர் ஒலிவாங்கிக்கு நடந்தார். மூன்றாவது வரிசையில் சாமுண்டீஸ்வரி துணிப்பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சிவானி கையால் முகத்தை மூடி, விரல் இடுக்கில் பார்த்தாள்.

ஏழு நிமிடம். தயார் செய்து வந்ததைப் பேசலாம். வரலாறு, புள்ளிவிவரம், ஒரு குட்டிக் கதை. யாருக்கும் எதுவும் தெரியாது. டீச்சருக்கு மட்டும் தெரியும். அவர் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருட மரியாதையில் விட்டிருக்கிறார்.

மனசாட்சி ஒரு பக்கம் பிடித்துத் தள்ளியது. இன்னொரு பக்கம், இதையும் சொல்லத்தான் வேண்டும், ரகுபதிக்குள் இருந்த பட்டிமன்றக்காரன் கண்ணை விரித்தான். கையில் இவ்வளவு நல்ல பாயிண்ட் இருக்கும்போது அதை விட்டுவிட்டு வருவதா?

“டீச்சர் படித்த அந்த மெசேஜை அனுப்பியது,” என்றார் ரகுபதி, “நான்.”



“முன் வரிசையில் ஒரு பெரியவர் தீவிரவாதி என்றார். என்னை நன்றாகப் பாருங்கள். அறுபது வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டது. பாஸ்வேர்டை மறந்துவிட்டு மகளைக் கூப்பிடுகிறவன். என் கழுத்தில் இருப்பது உத்திராட்சம். என் மதம் என்னை இதை அனுப்பச் சொல்லவில்லை. டீச்சரின் மதம் இதை எழுதவும் இல்லை. அனுப்பியது இது.” வலது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். “மனிதனின் கட்டைவிரல். ஆகவே, என் அணி சொல்வதுதான் சரி!”

முதலில் சிவானி சிரித்தாள். பிறகு அரங்கம். சுப்பிரமணியம் மணியை அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அவர்கள் வீட்டு உணவைத் தொடாதே என்கிறது மெசேஜ். இருபத்திரண்டு வருடமாகத் தொடுகிறேன். எனக்கு வந்த ஒரே ஆபத்து கொலஸ்ட்ரால். ஒரே திட்டம் என்கிறது. எங்கள் மாடியில் டீச்சர் வீடு, எதிரே ஒரு மலாய்க் குடும்பம். பெருநாளுக்குப் பிரியாணியா ரெண்டாங் கறியா என்பதிலேயே அவர்களுக்குள் இன்னும் திட்டம் ஒத்துப்போகவில்லை. புத்தகம் அப்படிச் சொல்கிறது என்கிறது. எனக்குத் தெரியாது. நான் படிக்காத புத்தகத்தைப் பற்றி, நான் படித்து முடிக்காத ஒரு மெசேஜை அனுப்பியிருக்கிறேன்.”

சிரிப்பு அடங்கும்வரை நின்றார். அடுத்தது சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

“பிள்ளைகளைப் படிக்க விடாதே என்கிறது. என் மகள் முதல் வகுப்பில் ‘ழ’ எழுத வராமல் அழுதபோது கையைப் பிடித்து எழுத வைத்தவர் அதோ உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் இதைச் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. எட்டு அடி தூரம்தான்.”

மணி அடித்தது. சுப்பிரமணியத்தின் மடியிலிருந்து அது தவறி விழுந்த சத்தம் அது.

தீர்ப்பில் சுப்பிரமணியம், அமைதி குலைவது மதத்தாலும் அல்ல, மனிதனாலும் அல்ல என்று அறிவித்தார். பின் எதனால் என்று ஒருவர் கத்தினார். மண்டபத்தை ஆறே முக்காலுக்குள் காலி செய்ய வேண்டும் என்று பதில் வந்தது.

பின்வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்த ஒரு சந்து. வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்க நேரம் பார்த்து டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பேரீச்சம்பழப் பொட்டலம். ரகுபதி எதிரே போய் நின்றார். பின்னால் மனைவியும் மகளும்.

“டீச்சர்.”

“ரகு,” என்றார் டீச்சர். நெற்றி சுருங்கியிருந்தது. “நீங்க மேடையில சொன்னது பேச்சுக்காகச் சொன்னதுதானே?”

“எது டீச்சர்?”

“அந்த மெசேஜை நீங்க அனுப்பினதா.”

ரகுபதி விழித்தார். “மாடி க்ரூப்ல... முதல் வெள்ளிக்கிழமை... நீங்க பார்த்தீங்களே?”

“நான் அந்த க்ரூப்புலேருந்து போன வருஷமே வெளிய வந்துட்டேனே! நாள் முழுக்க லிஃப்ட் கதவு ஃபோட்டோவா அனுப்பிட்டிருந்தீங்க. எனக்கு அது வேற இடத்துலேருந்து வந்துச்சு.”

 

“அப்ப கஞ்சி?” என்றாள் சாமுண்டீஸ்வரி, கணவரை முந்திக்கொண்டு. “ஏன்க்கா கஞ்சி வரலை?”

“எதுல குடுத்து விடறது சாமுண்டி? தூக்கு உங்க வீட்லதானே இருக்கு! வேற பாத்திரத்துல குடுத்தா, பழைய தூக்கைத் திருப்பிக் கேக்கற மாதிரி இருக்கும்னு பேசாம இருந்தேன். நிச்சயதார்த்த வேலையில மறந்துட்டீங்க போலன்னு நினைச்சேன்.”

“லிஃப்ட்ல ‘ம்’னீங்களே?” என்றார் ரகுபதி பரிதாபமாக.

“நோம்பு வாய். பேச்சுக்குத் தொண்டையைச் சேர்த்து வச்சிருந்தேன்.”

சிவானி சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா! யாருமே கேக்காத கேள்விக்கு நூத்தி இருபது பேர் முன்னாடி பதில் சொல்லியிருக்கீங்க!”

ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“படிச்சிட்டு அனுப்பினீங்களா ரகு, படிக்காம அனுப்பினீங்களா?”

எது குறைந்த குற்றம் என்று ரகுபதிக்குத் தெரியவில்லை. ஒரு பொய் தயாராக வந்து நாக்கில் நின்றது. டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அது திரும்பிப் போய்விட்டது.

“ரெண்டு வரி படிச்சேன்.”

“அந்த ரெண்டு வரிக்கும் ‘ஆமா’ன்னு தோணுச்சா?”

“...தோணுச்சு டீச்சர்.”

சிவானியின் சிரிப்பு நின்றது. டீச்சர் கொஞ்ச நேரம் சந்தின் கோடியில் தெரிந்த சிராங்கூன் சாலைக் கூட்டத்தைப் பார்த்தார்.

“கட்டைவிரல்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சிட்டீங்க. நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார். “ஆனா அந்த ரெண்டு வரிக்குத் தலையாட்டினது கட்டைவிரல் இல்ல. அதைப் பத்தி நாம பேசணும் ரகு. மேடையில இல்ல. என் வீட்ல, கதவைச் சாத்திட்டு.”

“எப்ப டீச்சர்?”

“நான் கூப்பிடறேன்.”

சாமுண்டீஸ்வரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. துணிப்பையைத் திறந்தாள். நீல மூடி வெளியே வந்தது.

“காலையில கிண்டினேன் அக்கா. கேசரி. குடுக்கறதா வேணாமான்னு தெரியாம ரயில் முழுக்க மடியிலேயே வச்சிட்டு வந்தேன். மேடையில நீங்க ரெண்டு பேரும் பேசினதெல்லாம் எனக்குக் காதுலயே ஏறலை. இது கவுந்துடுமோன்னுதான் பயமா இருந்துச்சு.”

டீச்சர் தூக்கை வாங்கினார். கனத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தில் பழைய டீச்சர் லேசாக எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், நிச்சயத்துக்கு வருவீங்கல்ல?” என்றாள் சிவானி. “முதல் தட்டு?”

“அதுலதான் ஒரு சின்ன சிக்கல் இருக்கு கண்ணு,” என்றார் டீச்சர். “அந்த மெசேஜ் எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னா...”

ரகுபதிக்கு ஒரு தட்டச்சுப் பட்டியல் நினைவுக்கு வந்தது. பெண் வீட்டு விருந்தினர்கள், பெயரும் ஃபோன் எண்ணும். அவரே இதே கட்டைவிரலால் தட்டி, சம்பந்திக்கு அனுப்பியது. மூன்றாவது பெயர்: சம்சுன்னிசா டீச்சர்.

“மேடம்! மேடம்!”

இளஞ்சிவப்புச் சட்டை பின்வாசல் வழியாக மூச்சிரைக்க வந்தது.

“என்ன பேச்சு மேடம்! உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. சம்பந்தி, நீங்களும்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. யாரு சம்பந்தி உங்களுக்கு இந்த மாதிரியெல்லாம் அனுப்பறது? அந்த ஆளை உடனே ப்ளாக் பண்ணுங்க!”

ரகுபதி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

“மேடம், ஒரு உதவி,” என்று தங்கராஜு ஃபோனை எடுத்தார். “அந்த மெசேஜை எனக்கு அனுப்புங்க. இப்படியெல்லாம் எழுதறாங்க, ஜாக்கிரதைன்னு நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்றேன்.”

டீச்சர் சிவானியைப் பார்த்தார். ரகுபதியைப் பார்த்தார். கேசரித் தூக்கை மெல்ல நாற்காலியில் வைத்தார்.

“நான் அனுப்ப வேண்டியதே இல்ல சார்,” என்றார் இனிமையாக. “உங்க ஃபோன்லேயே இருக்கு. கொஞ்சம் மேல தள்ளிப் பாருங்க.”

“என் ஃபோன்லயா?”

“உங்க ஃபோன்லதான். முதல் வெள்ளிக்கிழமை சாயந்திரம்.”

டீச்சரின் கைப்பைக்குள் இருந்த ஃபோனிலிருந்து நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு ஒலித்தது. அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். சாமுண்டீஸ்வரி அவசரமாகத் தூக்கின் மூடியைத் திறந்தாள். நெய் வாசனை சந்து முழுக்கப் பரவியது.

தங்கராஜு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தள்ளிக்கொண்டே இருந்தார். ரோஜா. பொன்மொழி. ரோஜா. தூக்கம் வராததற்குப் பத்துக் காரணம். ரோஜா. சூரிய உதயம். அவருடைய கட்டைவிரல் முதல் வாரச் சனிக்கிழமையைத் தாண்டியது.

பிறகு நின்றது.